அப்பா தலை குனியுற சீன்

2019 அக்டோபர்ல 'அசுரன்' ரிலீஸ் ஆன வாரம் ஆயுத பூஜை லீவு வந்துச்சு, பட்டறையில பூஜை போட்டு பொரி கடலை கொடுத்து முடிச்சதும் அப்பாவை அம்பத்தூர் ராக்கிக்கு படத்துக்கு கூட்டிட்டு போனேன். அவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல முப்பது வருஷத்துக்கு மேல லேத் ஓட்டினவர், தியேட்டருக்கு வர்றதே அபூர்வம், ஆனா உட்கார்ந்துட்டார்னா கடைசி வரைக்கும் அசைய மாட்டார். அன்னைக்கு அசைஞ்சார். மூத்த மகனை ஜெயில்ல இருந்து மீட்கறதுக்காக படத்துல அப்பாவா வர்ற சிவசாமி ஊர்ல ஒவ்வொருத்தர் கால்லயும் விழுற இடம் வந்ததும் எங்க அப்பா எழுந்து "தண்ணி குடிச்சிட்டு வரேன்"னு போயிட்டார். தண்ணி பாட்டில் என் கையிலதான் இருந்துச்சு.

அன்னையில இருந்து எனக்கு ஒரு கேள்வி. தமிழ் சினிமாலயும் சீரியல்லயும் எத்தனையோ அப்பாக்கள் வந்து போயிட்டாங்க, அதுல சில பேர் மட்டும் ஏன் நம்ம சொந்த அப்பா மாதிரி மனசுல தங்கிடறாங்க? பாசமா பேசற அப்பான்னா லிஸ்ட் போட்டா பக்கம் பத்தாது. ஆனா தங்கினவங்களை மட்டும் எடுத்து வெச்சு பார்த்தா பெரும்பாலும் ஒரே விஷயம்தான் திரும்ப திரும்ப வருது, அந்த அப்பா எங்கயோ ஒரு இடத்துல இன்னொரு ஆள் முன்னாடி குனிஞ்சு நிக்கிறார், அது பிள்ளைக்கு தெரிஞ்சுடுது. வீட்டுக்குள்ள அவர் என்ன சொன்னார், எப்படி அடிச்சார், எப்படி கொஞ்சினார்ங்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இது ஏன்னு யோசிச்சு பார்த்தா, அம்மா எப்பவும் நம்ம கண்ணு முன்னாடி இருக்கறவங்க, சமையல்கட்டுல என்ன படறாங்கன்னு தினம் பார்க்கிறோம். அப்பா அப்படி இல்ல, காலையில டிபன் பாக்ஸோட கிளம்பறார், ராத்திரி திரும்பறார், நடுவுல அந்த பத்து மணி நேரம் அவர் யாரு, அவரை யாரு எப்படி கூப்பிடறாங்க, அவர் யாருக்கு 'சார்' போடறார்னு நமக்கு எதுவும் தெரியாது. வீட்டுல ராஜா மாதிரி இருக்கறவர் வெளியில யாரோ ஒருத்தருக்கு கைகட்டி நிக்கிறார்ங்கிறதை ஒரு நாள் பார்த்துட்டோம்னா அதுக்கு முன்னாடி இருந்த அப்பா வேற, அதுக்கு அப்புறம் இருக்கற அப்பா வேற. நல்ல டைரக்டர்கள் இந்த இடத்தை கண்டுபிடிச்சு கேமராவை அங்க வெச்சுட்டாங்க.

ஆரம்பத்துல இப்படி இல்ல. சிவாஜி காலத்து அப்பா யாருக்கும் குனியறவர் கிடையாது, குனிஞ்சா கதையே முடிஞ்சுடும். 'தங்கப்பதக்கம்' 1974ல வந்துச்சு, அதுல எஸ்.பி. சௌத்ரி தன் மகனையே சுடறார், சட்டத்துக்கு மட்டும்தான் அவர் தலை வணங்குவார். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி வந்த 'வியட்நாம் வீடு' இன்னும் நுணுக்கமானது, பிரஸ்டீஜ் பத்மநாபன்னு பேரே வெச்சுட்டாங்க, அந்த மனுஷனுக்கு இருக்கற ஒரே சொத்து கௌரவம், ரிட்டையர் ஆனதும் அது கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போறதுதான் படம். நாடகமா மேடையில நடந்த கதைங்கிறதால எல்லாம் ஹால்லயே நடக்குது, பேசியே நடக்குது, ஆனாலும் சம்பளம் நின்னா அப்பாவுக்கு வீட்டுக்குள்ள என்ன மதிப்புன்னு தைரியமா கேட்ட படம் அது. அதே கேள்வியை 1986ல விசு 'சம்சாரம் அது மின்சாரம்'ல கணக்கு நோட்டு மாதிரி பிரிச்சு வெச்சார். அப்பா அம்மையப்ப முதலியாருக்கும் மூத்த மகனுக்கும் சண்டை வர்றது பாசத்துல இல்ல, வீட்டு செலவுக்கு யார் எவ்வளவு கொடுக்கறதுங்கிறதுல, அதுல வீட்டு நடுவுல கோடு போடற அளவுக்கு போயிடுது. ஏவிஎம் எடுத்த அந்த படத்துக்கு தேசிய அளவுல நல்ல பொழுதுபோக்கு படத்துக்கான தங்கத்தாமரை விருது கிடைச்சுது. ஊரே பார்த்துச்சுன்னா காரணம் அந்த கோடு எல்லார் வீட்டுலயும் இருந்துச்சு, சாக்பீஸ்ல போடல, அவ்வளவுதான்.

'தேவர் மகன்'ல (1992) வர்ற பெரிய தேவரை எல்லாரும் மழை சீனுக்காக ஞாபகம் வெச்சிருப்பாங்க, அப்பாவும் மகனும் உட்கார்ந்து ஊரை விட்டு போறதை பத்தி பேசுவாங்களே, அது. எனக்கு அதை விட பஞ்சாயத்து சீன்தான் பெருசு. ஊரே எழுந்து நிக்கிற அந்த பெரியவர் அத்தனை பேர் முன்னாடி தம்பி மகன் வாயால அசிங்கப்பட்டு வீட்டுக்கு வர்றார், அதுக்கு மேல அவர் உயிரோட இருக்கல. டாக்டர் என்ன காரணம் சொல்வாரோ தெரியாது, நமக்கு அந்த அவமானம்தான் கொன்னுச்சுன்னு தெரியும். அதுவரைக்கும் இருந்த குனியாத அப்பாவுக்கு தமிழ் சினிமா பண்ணின இறுதிச்சடங்கு மாதிரிதான் அதை பார்க்கிறேன். அதே சிவாஜியை வெச்சே அதை பண்ணினாங்கங்கிறது இன்னும் கனமான விஷயம்.

ரெண்டு வருஷத்துல 'மகாநதி' வந்துடுச்சு. கும்பகோணம் பக்கத்து கிருஷ்ணசாமி, மெட்ராஸ் வந்து சிட் பண்ட் ஆரம்பிச்சு ஏமாந்து சென்ட்ரல் ஜெயிலுக்கு போறார். அந்த ஜெயில் இப்போ இல்ல, 2006ல கைதிகளை புழலுக்கு மாத்திட்டு அப்புறம் இடிச்சுட்டாங்க, ஆனா சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் போறப்போ அந்த மதில் ஞாபகம் வந்தா கூடவே அந்த அப்பாவும் வந்துடறார். இந்த படத்துல என் கணக்கு தலைகீழா ஆகுது, அப்பா பிள்ளையை பார்க்கிறார். கல்கத்தாவுல சோனாகாச்சிங்கிற சிவப்பு விளக்கு ஏரியாவுல ஒரு வீட்டுக்குள்ள மகளை கண்டுபிடிக்கிற அப்பாவோட முகத்தை ரெண்டாவது தடவை பார்க்க எனக்கு தெம்பு வந்ததே இல்ல. எங்க ஏரியாவுலயும் தொண்ணூறுகள்ல சீட்டு கம்பெனிகள் மூடிட்டு ஓடின கதை நிறைய, பணம் போனது ஒரு பக்கம், பணம் போட வெச்ச மச்சான் முகத்துல முழிக்க முடியாம இருந்த அப்பாக்கள் எத்தனை பேர்.

டிவிக்கு வருவோம், ஏன்னா சினிமா ரெண்டரை மணி நேரத்துல ஒரு தடவை குனிய வைக்கிற அப்பாவை சீரியல் தினமும் குனிய வைக்கும். 2002ல இருந்து 2005 வரைக்கும் சன் டிவில 'மெட்டி ஒலி' ஓடுச்சு, அஞ்சு பொண்ணுங்களை பெத்த சிதம்பரமா டெல்லி குமார். அந்த மனுஷன் பெருசா வசனம் பேசி அழ மாட்டார், தோள்ல துண்டோட சம்பந்தி வீட்டு வாசல்ல நிப்பார், உள்ள கூப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு ஒரு நொடி தயங்குவார், அந்த தயக்கத்துலயே எங்க வீட்டு ஹால் அமைதியாகிடும். பொண்ணை கட்டிக் கொடுத்த வீட்டுல அப்பாவுக்கு என்ன இடம்ங்கிறது தமிழ்நாட்டுல பேசி முடிக்க முடியாத சப்ஜெக்ட், சீர் கொண்டு போற தாம்பாளத்தை கையில வாங்கறாங்களா கீழ வைக்க சொல்றாங்களாங்கிறதுல ஒரு மனுஷனோட மரியாதை முழுக்க இருக்கு. எங்க அம்மா அந்த சீரியலை பார்த்து அழுதது அதுல வர்ற பொண்ணு சரோவுக்காக இல்ல, எங்க தாத்தாவுக்காகன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. 2020 லாக்டவுன்ல மறு ஒளிபரப்பு போட்டப்பவும் அம்மா அதே இடத்துல சேலை முந்தானையை எடுத்தாங்க.

இதுல ஆச்சரியம் என்னன்னா மெட்டி ஒலியை எடுத்த அதே திருமுருகன்தான் 2006ல 'எம்டன் மகன்' எடுத்தார், அது நேர் எதிர் அப்பா. மளிகைக் கடை, நாசர், கை நீட்டினா அடி. தமிழ்ல பேர் வெச்சா வரி விலக்குன்னு வந்ததால 'எம் மகன்'னு மாத்தினாங்க, ஆனா பழைய பேர்தான் எங்க ஊர்க்காரங்களுக்கு அர்த்தம் உள்ளது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் கடற்கரைக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனி டேங்குகளை குண்டு போட்டு கொளுத்திட்டு மறைஞ்சு போச்சு, ஹைகோர்ட் மதில்ல அதுக்கு கல்வெட்டு கூட இருக்கு. அன்னைக்கு ஊரை விட்டு ஓடின ஜனங்க வாயில ஒட்டிக்கிட்ட அந்த சொல் நூறு வருஷம் கழிச்சும் கண்டிப்பான ஆளுக்கு, கில்லாடியான ஆளுக்கு பேரா நிக்குது. எப்போ வருவார், எங்க விழும்னு தெரியாது, வந்துட்டு போனப்புறம் வீடே புகையும். அப்பாவுக்கு இதை விட பொருத்தமா ஒரு பட்டப்பேர் வெளியூர்க்காரனுக்கு தோணியிருக்காது.

இப்போ 'தவமாய் தவமிருந்து'. சேரன் 2005ல எடுத்தது, குடும்ப நலம் பத்தின சிறந்த படம்னு தேசிய விருது வாங்குச்சு. ராஜ்கிரண் சின்னதா அச்சகம் வெச்சிருக்கற முத்தையா. அந்த படத்தை நீளம்னு சொல்றவங்க உண்டு, நீளம்தான், ஆனா ஒரு அப்பாவோட வேலையை அவ்வளவு நேரம் திரையில காட்டினது அபூர்வம். டிரெடில் மிஷின்ல வேலை பார்த்தவங்களுக்கு தெரியும், கால் மிதிச்சுட்டே இருக்கணும், ஒரு கை வெத்து பேப்பரை வைக்கணும், இன்னொரு கை அச்சான பேப்பரை எடுக்கணும், அந்த தாளத்துல கொஞ்சம் கவனம் தப்பினா விரல் உள்ள போயிடும். திருவல்லிக்கேணி பக்கம் பழைய பிரஸ்காரங்க கையை பாருங்க, நகத்துல மை ஒரு கோடு நிரந்தரமா இருக்கும். தீபாவளிக்கு பசங்களுக்கு துணி எடுக்க காசு புரட்ட அந்த அப்பா அலையறதை பார்க்கறப்போ எனக்கு எங்க அப்பா கைதான் ஞாபகம் வந்துச்சு. வேலை முடிஞ்சதும் காட்டன் வேஸ்ட் வெச்சு தேய்ப்பார், அப்புறம் மண்ணெண்ணெய், அப்புறம் சோப்பு, அதுக்கப்புறமும் ரேகை ரேகையா கருப்பு இருக்கும், அந்த கையால சாதம் பிசைஞ்சு எனக்கு ஒரு உருண்டை கொடுப்பார், லேசா ஆயில் வாசனை வரும், எனக்கு அது சாப்பாட்டு வாசனைன்னுதான் ரொம்ப நாள் நினைப்பு.

2008 வேற மாதிரி வருஷம். ஒரே வருஷத்துல 'சந்தோஷ் சுப்ரமணியம்', 'வாரணம் ஆயிரம்', 'அபியும் நானும்'னு மூணு அப்பா படம். மூணுலயும் அப்பா கோட்டு போட்டவர் இல்லன்னா வசதியானவர், மூணுலயும் அவர் பிள்ளைகிட்ட ப்ரெண்டா இருக்கறார் இல்லன்னா இருக்க முயற்சி பண்றார். இது ஏன் அப்போ வந்துச்சுன்னா, 2000ல டைடல் பார்க் திறந்தப்புறம் ஓஎம்ஆர் பக்கம் வேலைக்கு போன பசங்க முதல் மாசமே வாங்கின சம்பளம், அவங்க அப்பா ரிட்டையர் ஆகறப்போ வாங்கின கடைசி மாச சம்பளத்தை விட ஜாஸ்தி. விசு படத்துல மகன் எவ்வளவு கொடுக்கறான்னு சண்டை, இங்க மகனே வீட்டு லோன் கட்டறான், அப்போ அப்பாவோட அதிகாரத்துக்கு அஸ்திவாரம் எது? நட்பு ஒண்ணுதான் மிச்சம். சந்தோஷ் சுப்ரமணியத்துல மகன் மனசுல இருக்கறதை கொட்டறப்போ பிரகாஷ்ராஜ் உடைஞ்சு போற அந்த சீன் தெலுங்குல இருந்து வந்ததுதான், மூலப்படமான 'பொம்மரில்லு'லயும் அப்பா அவரேதான், ஆனா இங்க அது பிடிச்சுதுன்னா காரணம் அப்பா குனியறது வெளி ஆள்கிட்ட இல்ல, மகன்கிட்டயே. அபியில மகள் காட்டின சர்தார் மாப்பிள்ளையை ஏத்துக்க முடியாம தவிக்கறார், அதையும் அவரேதான் பண்ணினார், ஒரே வருஷத்துல ரெண்டு அப்பா.

வாரணம் ஆயிரத்தை நான் கொஞ்சம் தயக்கத்தோடதான் சொல்வேன். கௌதம் மேனன் தன் அப்பா நினைவா எடுத்தது, அந்த நேர்மை படத்துல இருக்கு, ஹெலிகாப்டர்ல உட்கார்ந்து அப்பா போயிட்டார்ங்கிற சேதியை சுமந்துட்டு போற மகன் முகம் பொய் சொல்லல. ஆனா அந்த அப்பாவுக்கு ஒரு குறையும் இல்ல, எதுக்கும் தடுமாறல. நல்லவர், அழகானவர், அப்படி ஒருத்தர் எனக்கு கிடைக்கலையேன்னு ஏக்கம் வருது, பரிச்சயம் வரல.

ராம் எடுத்த 'தங்க மீன்கள்' (2013) அந்த மூணு படத்துக்கும் பதில் மாதிரி. இதுல அப்பா பேர் கல்யாணி, அவருக்கு மகள்னா உயிர், ஆனா ஸ்கூல் பீஸ் கட்ட முடியல, அப்பா வீட்டுல தங்கி பேச்சு வாங்கறார், டிவி விளம்பரத்துல வர்ற நாய்க்குட்டி வேணும்னு மகள் கேட்டதுக்கு காசு தேடி ஊர் ஊரா போறார். ப்ரெண்டா இருக்கறதுக்கும் காசு வேணும்னு சொன்ன படம் இது. 'பேரன்பு'லயும் ராம் அதே பொண்ணு சாதனாவை வெச்சு, வயசுக்கு வர்ற மகளை அம்மா இல்லாம பார்த்துக்க வேண்டிய அப்பாவா மம்மூட்டியை நிறுத்தினார். ரெண்டுலயும் அப்பா கதவு கதவா தட்டறார்.

இதே சமயத்துல பெரிய ஹீரோக்களும் அப்பா ஆக ஆரம்பிச்சாங்க. 'தெறி', 'என்னை அறிந்தால்', 'விஸ்வாசம்', 'ஜெயிலர்', 'லியோ'ன்னு வரிசை நீளம். இதுல நிறைய படத்துக்கு ஒரே பார்முலா, அப்பா முதல்ல சாதுவா பயந்து ஒதுங்கி போவார், இடைவேளை வாக்குல இவர் யாருன்னு தெரியுமான்னு ஆரம்பிச்சுடும். தியேட்டர்ல விசில் அடிச்சிருக்கேன், மறுக்கல. ஆனா அந்த குனிவு உண்மையான குனிவு இல்ல, பின்னாடி ஒரு ப்ளாஷ்பேக் காவலுக்கு நிக்குது. நம்ம அப்பாக்களுக்கு ப்ளாஷ்பேக் கிடையாது. அசுரன்லயும் ப்ளாஷ்பேக் உண்டு, ஆனா அது ஜெயிச்ச கதை இல்ல, எல்லாத்தையும் இழந்த கதை, அதனாலதான் கால்ல விழற சிவசாமி கடைசி வரைக்கும் கால்ல விழுந்தவராவே மனசுல இருக்கார். 36 வயசு தனுஷ் அதை பண்ணி தேசிய விருது வாங்கினார்.

எனக்கு இந்த வரிசையிலேயே உச்சம் 'பரியேறும் பெருமாள்' (2018). காலேஜ்ல அப்பாவை கூட்டிட்டு வான்னா பரியன் முதல்ல வேற ஒரு ஆளை அப்பான்னு கூட்டிட்டு போறான். அந்த ஒரு விஷயத்துலயே எல்லாம் இருக்கு. பெண் வேஷம் கட்டி ஆடற கூத்துக்கலைஞர் தன் அப்பான்னு சொல்ல கூச்சம்னு நினைச்சா தப்பு, அவரை இந்த இடத்துக்கு கொண்டு வந்தா என்ன பண்ணுவாங்கன்னு அவனுக்கு தெரியும். அப்புறம் நிஜ அப்பா வர்றார், அவன் பயந்த மாதிரியே நடக்குது, வேட்டியை உருவி ஓட விடறாங்க. நிஜத்துலயும் நாட்டுப்புற கலைஞரான நெல்லை தங்கராஜ் அந்த அப்பாவா நடிச்சார், அவருக்கு அங்க வசனமே தேவைப்படல. அதே படத்துல இன்னொரு அப்பாவும் உண்டு, பரியன்கூட படிக்கற ஜோவோட அப்பா, நடிச்சது மாரிமுத்து. கெட்டவர்னு சொல்லிட முடியாத, நல்லவர்னும் சொல்ல முடியாத மனுஷன், தன் சாதிக்காரங்க முன்னாடி தன் மகளுக்காக பேச வாய் வராதவர். அப்புறம் 'எதிர்நீச்சல்' சீரியல்ல ஆதி குணசேகரனா வீடு வீடா தெரிஞ்ச மாரிமுத்து 2023 செப்டம்பர்ல திடீர்னு போயிட்டார். வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் அந்த கேரக்டரை திட்டிட்டே பார்த்து, அவர் போன அன்னைக்கு அழுதாங்க, ஏன்னா அந்த மாதிரி ஒருத்தர் ஒவ்வொரு குடும்பத்துலயும் தலைவாழை இலை போட்டு உட்கார்ந்திருக்கார்.

போன வருஷங்கள்ல வந்ததுல '3பிஹெச்கே' (2025) மட்டும் சொல்லிடறேன். 1997 'சூர்யவம்சம்'ல அப்பா, மகன் ரெண்டு பேராவும் நடிச்ச சரத்குமாரையும் ஜோடி தேவயானியையும் இங்க சென்னையில சொந்த வீட்டுக்கு ஏங்கற வாடகை வீட்டு தம்பதியா உட்கார வெச்சிருக்காங்க. சேர்த்து வெச்ச காசு ஒவ்வொரு தடவையும் வேற செலவுக்கு போயிடுது. பெரிய பண்ணையில கம்பீரமா நடந்த அதே ஆள் இங்க ப்ளாட் விலையை கேட்டுட்டு திரும்பறப்போ தோள் இறங்கி இருக்கு, அந்த தோளை எனக்கு தெரியும்.

எப்படி தெரியும்னா, நான் ஏழாவது படிக்கறப்போ டேர்ம் பீஸ் கட்டலன்னு கிளாஸ்ல இருந்து வெளிய அனுப்பிட்டாங்க. கேட் பக்கத்துல வேப்ப மரத்தடியில நின்னுட்டிருந்தேன். அப்பா பட்டறையில இருந்து நேரா சைக்கிள்ல வந்தார், காக்கி சட்டை, ஆபீஸ் ரூம் கதவு திறந்தே இருந்துச்சு. அவர் உட்காரல, உட்கார சொல்லவும் இல்ல. ரெண்டு கையையும் பின்னாடி கட்டி வெச்சிருந்தார், கருப்பு தெரியக்கூடாதுன்னு இப்போ நினைக்கிறேன். "பத்தாம் தேதிக்குள்ள கட்டிடறேன் சார்"னு மூணு தடவை சொன்னார். எதிர்ல இருந்த ஆளுக்கு அவரை விட பத்து வயசாவது கம்மி இருக்கும். நான் மரத்துக்கு பின்னாடி போயிட்டேன், சைக்கிள் போன சத்தம் கேட்டதுக்கு அப்புறம்தான் வெளிய வந்தேன், வீட்டுல யார்கிட்டயும் சொல்லல.

போன பொங்கல் லீவுல வீட்டுல இருந்தப்போ டிவியில மறுபடி அசுரன் ஓடிட்டிருந்துச்சு. அந்த இடம் வர்றது தெரிஞ்சதும் நான் ரிமோட்டை தேடினேன். அப்பா கைய காட்டி இருக்கட்டும்னார். முழுசா பார்த்தார், கண்ணு டிவியிலயே இருந்துச்சு, விளம்பரம் வந்ததும் திரும்பாமலே கேட்டார், "அன்னைக்கு நீ அந்த வேப்ப மரத்துக்கு பின்னாடிதானே நின்னுட்டிருந்தே?"

"ஆமாப்பா"ன்னேன்.

"பத்தாம் தேதி கட்டிட்டேன்டா"ன்னார்.